நாடு வளர்ந்தால் குற்றம் குறையுமா?

கேள்வி இதுதான்: வருமானமும் கல்வியும் சுகாதாரமும் மேம்பட்ட நாடுகளில் குற்றம் குறைவாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது, ஆனால் நாடுவாரியான குற்ற விகிதப் பட்டியலைப் புரட்டினால், ஸ்வீடனும் டென்மார்க்கும் இந்தியாவையும் வங்கதேசத்தையும்விடப் பல மடங்கு மேலே நிற்கின்றன. அப்படியானால் வளர்ச்சி குற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா?

எந்தக் குற்றம் என்பதைப் பிரிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. நாடு வளரும்போது பதிவாகும் திருட்டும் மோசடியும் பெரும்பாலும் கூடுகின்றன. கொலை நீண்ட காலப்போக்கில் குறைகிறது. ஆனால் அந்தக் குறைவைக் கொண்டுவருவது பணம் மட்டும் என்று எடுத்துக்கொண்டால், வருமானம் பெருகிய அதே ஆண்டுகளில் கொலையும் பெருகிய நாடுகளை விளக்க வழியிருக்காது. மனிதர்களுக்கு இடையே எழும் தகராறை அரசு நியாயமாகவும் காலத்தோடும் தீர்த்துவைக்கிறதா என்பதே வருமானத்தைவிடக் கூடுதலாக விளக்குகிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றி. அதில் இருப்பது நடந்த குற்றங்களின் எண்ணிக்கை என்று நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. உண்மையில் அது காவல் நிலையத்தில் எழுதப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை. ஸ்வீடனில் ஒருவருடைய சைக்கிள் திருடு போனால், வீட்டுக் காப்பீட்டில் இழப்பீடு பெறக் காவல்துறைப் புகார் தேவை. எனவே அவர் புகார் கொடுக்கிறார், அது எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது. 2010-களில் அந்த நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட திருட்டுகள் ஆண்டுதோறும் பதிவாயின. இந்தியாவில் அந்த எண் ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. சென்னையில் பேருந்து நெரிசலில் கைப்பேசியைப் பறிகொடுத்தவர் காவல் நிலையம் போனால், பல நேரங்களில் கைக்கு வருவது, புகாரைப் பெற்றுக்கொண்டதை மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். முதல் தகவல் அறிக்கை போடப்படாதவரை அந்தத் திருட்டு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறாது. மாற்று சிம் வாங்கினால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் ‘திருடு போனது’ என்று எழுதாமல் ‘தொலைந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவதும் உண்டு. இத்தகைய இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரு சமூகங்களின் நாணயத்தை எடை போடுவது பொருளற்ற வேலை.

இந்தியாவுக்குள்ளேயே இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளில், இந்திய தண்டனைச் சட்டத்தின்கீழ் பதிவான வழக்குகளின் விகிதத்தில் கேரளம் தொடர்ந்து முன்வரிசையில் இருந்துவந்தது. பீகாரின் விகிதத்தைப் போல அது மூன்று மடங்குக்கும் மேல். கொலையை மட்டும் எடுத்தால் நிலைமை தலைகீழ்: கேரளத்தில் லட்சம் பேருக்கு ஒன்றை ஒட்டிய எண், பீகாரில் இரண்டுக்கு மேல். கேரளத்தில் படித்தவர்கள் அதிகம், காவல் நிலையம் பக்கத்தில் இருக்கிறது, புகாரை வாங்க மறுத்தால் மேலதிகாரியிடமோ பத்திரிகையிடமோ போகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மனித வளர்ச்சி உயர்ந்ததால் வழக்குகளின் எண்ணிக்கை உயர்ந்தது என்று சொன்னால் அது முரண்பாடாகாது.

இன்னும் வேடிக்கையான உதாரணம் 2020-ஆம் ஆண்டு. 2019-இல் நாடு முழுவதும் சுமார் 51.5 லட்சமாக இருந்த குற்ற வழக்குகள் அடுத்த ஆண்டே 66 லட்சமாக உயர்ந்தன. ஒரே ஆண்டில் 28 சதவீத ஏற்றம். நாட்டில் குற்றவாளிகள் திடீரென்று பெருகிவிடவில்லை. கொரோனா ஊரடங்கை மீறியவர்கள்மீது, அரசு ஊழியரின் உத்தரவுக்குக் கீழ்ப்படியாமை என்ற 188-ஆம் பிரிவின்கீழ் வழக்குகள் போடப்பட்டன. முந்தைய ஆண்டு சுமார் 29 ஆயிரமாக இருந்த அந்தப் பிரிவின் வழக்குகள் 6 லட்சத்தைத் தாண்டின. தமிழ்நாடு அந்தக் கணக்கில் பெரும்பங்கு வகித்தது. அதே ஆண்டில் கொலை வழக்குகள் ஒரு சதவீதம் அளவுக்கே கூடின. பாலியல் குற்றங்களில் ஸ்வீடன் உலகின் உச்சியில் இருப்பதாகப் பரப்பப்படும் செய்திக்கும் ஏறத்தாழ இதே விளக்கம் பொருந்தும். அங்கே வன்புணர்வின் சட்ட வரையறை 2005-இல் விரிவாக்கப்பட்டது, 2018-இல் சம்மதத்தை அடிப்படையாகக் கொண்ட சட்டம் வந்தது, ஒரே மனைவியை ஒரு கணவன் ஓராண்டில் முப்பது முறை வன்புணர்ந்தான் என்று புகார் வந்தால் முப்பது குற்றங்களாகவே எழுதப்படுகிறது. இந்தியாவிலோ ஒரு வழக்கில் பல குற்றங்கள் இருந்தாலும் அவற்றில் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும்.

ஆகவே நாடுகளை ஒப்பிட விரும்புகிறவர்கள் கொலைக்கு வந்து சேருகிறார்கள். பிணத்தை மறைப்பது கடினம். எந்த நாட்டின் சட்டத்திலும் கொலை குற்றம். காவல்துறை எழுதாமல் விட்டாலும் மருத்துவமனையோ இறப்புப் பதிவேடோ எழுதியிருக்கும். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் வெளியிட்ட கணக்கின்படி, 2021-இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 4,58,000 பேர் கொல்லப்பட்டார்கள். லட்சம் பேருக்கு 5.8. அமெரிக்கக் கண்டங்களில் அது 15. ஜப்பானில் 0.3-க்கும் குறைவு, மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் ஒன்றை ஒட்டி, இந்தியாவிலும் வங்கதேசத்திலும் இரண்டுக்குச் சற்று மேல். இனி இந்தக் கட்டுரையில் விகிதம் என்று சொல்லும் இடமெல்லாம் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு எத்தனை கொலை என்பதையே குறிக்கிறேன்.

இந்த எண்களை வருமானத்தோடு சேர்த்துப் பார்த்தால், உச்சியில் இருக்கும் செல்வந்த நாடுகளில் கொலை குறைவு என்பது உண்மையே. ஆனால் மற்ற நாடுகளை அப்படி வரிசைப்படுத்த முடியவில்லை. நிகரகுவா, பக்கத்தில் இருக்கும் எல் சால்வடாரைவிட ஏழை நாடு. தனிநபர் வருமானம் ஏறத்தாழப் பாதி. 2015-இல் எல் சால்வடாரின் விகிதம் நூற்றைத் தாண்டியபோது நிகரகுவாவில் அது பத்துக்குக் கீழே இருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடு உலகின் பெரும் பணக்கார நாடாக இருந்தும் அதன் விகிதம் இந்தியாவைப் போல இரண்டு, மூன்று மடங்கு. வறுமைதான் மனிதனைக் கொலைகாரன் ஆக்குகிறது என்றால் தெற்காசியா இரத்தக்காடாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

வறுமைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வறுமை முதலில் தொடுவது திருட்டை. ஜெர்மனியின் பவேரியாவில் 1835 முதல் 1861 வரையிலான குற்றப் பதிவேடுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், மழை மிகுந்து கோதுமையைப் போன்ற தானியமான ரையின் விளைச்சல் கெட்டு விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டு தெளிவாகக் கூடியதைக் கண்டார்கள். ஆனால் அடிதடியும் வன்முறையும் அதே ஆண்டுகளில் குறைந்தன. அதற்கு அவர்கள் தந்த விளக்கம், தானியம் விலை ஏறியதால் பீர் விலையும் ஏறி, குடி குறைந்தது என்பது. இந்தியாவிலும் மழை பொய்த்த ஆண்டுகளில் சொத்துக் குற்றங்கள் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயிற்றுப்பாட்டுக்கும் திருட்டுக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. வயிற்றுப்பாட்டுக்கும் கொலைக்கும் உள்ள தொடர்பு அப்படிப்பட்டதன்று.

கொலையோடு நெருங்கி நிற்பது ஏற்றத்தாழ்வு. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 1965 முதல் 1995 வரை 39 நாடுகளின் கொலை எண்களையும் 37 நாடுகளின் வழிப்பறி எண்களையும் எடுத்துக்கொண்டு, சராசரி வருமானம், கல்வி, நகரமயம் ஆகியவற்றைக் கழித்த பிறகும், வருமான ஏற்றத்தாழ்வு மிகுந்த இடங்களில் இரண்டும் அதிகமாக இருப்பதை நிறுவினார்கள். தென்னாப்பிரிக்கா இதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீட்டில் அது 0.63 என்ற அளவோடு உலகின் உச்சியில் இருக்கிறது. 2022-23-ஆம் நிதியாண்டில் அங்கே 27 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன, விகிதம் சுமார் 45. எல்லோரும் ஏழையாக இருக்கும் ஊரில் எழாத மனக்கசப்பு, மின்வேலி போட்ட பங்களாவும் தகரக் கொட்டகையும் ஒரே சாலையின் இருபுறம் இருக்கும் ஊரில் எழும் என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய கோட்பாடு தேவையில்லை.

ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஏற்றத்தாழ்வு முப்பது ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. கொலை விகிதமோ நிறவெறி ஆட்சி முடிந்த 1994-இல் 65-ஐத் தாண்டியிருந்து, 2011-12-இல் 30 அளவுக்கு இறங்கி, பிறகு மீண்டும் ஏறியிருக்கிறது. லத்தீன் அமெரிக்கா இதைவிடப் பெரிய புதிர். 2000 முதல் 2010 வரை அந்தப் பகுதியில் பொருளாதாரம் வளர்ந்தது, வறுமை குறைந்தது, பல நாடுகளில் ஏற்றத்தாழ்வும் சற்றே சுருங்கியது. அதே பத்தாண்டில் கொலை விகிதம் 11 சதவீதம் கூடியது என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஏற்றத்தாழ்வு காய்ந்த விறகு என்றால், தீக்குச்சி எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கிறது.

அதைத் தேட டிரினிடாட் டொபாகோவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியினர் பெருமளவில் வாழும் அந்தச் சிறிய தீவு நாடு, வெனிசுவேலாக் கரையிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 1999-இல் அங்கிருந்து திரவ இயற்கை எரிவாயு ஏற்றுமதி தொடங்கியது. அடுத்த பத்தாண்டில் நடப்பு விலையில் தனிநபர் வருமானம் மூன்று மடங்குக்கும் மேல் பெருகியது. 13 சதவீதமாக இருந்த வேலையின்மை 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. பாடப்புத்தகத்தின்படி குற்றம் கரைந்திருக்க வேண்டிய காலம் அது. 1999-இல் அந்த நாட்டில் நடந்த கொலைகள் 93. 2008-இல் சுமார் 550.

என்ன நடந்தது? தென் அமெரிக்காவிலிருந்து வடக்கே போகும் கொக்கைன் அந்தத் தீவின் வழியாகப் போகத் தொடங்கியது. சரக்கோடு துப்பாக்கிகளும் வந்து இறங்கின. முன்பு மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்த துப்பாக்கிக் கொலைகள் நான்கில் மூன்று பங்கைத் தாண்டின. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினை ஒட்டிய லாவென்டில் மலைச்சரிவுகளில் தெருவுக்கு ஒரு கும்பல் உருவானது. இதைவிடக் கவனிக்க வேண்டியது, எரிவாயுப் பணத்தில் அரசு நடத்திய வேலைவாய்ப்பு நிவாரணத் திட்டம். சாக்கடை வாருவதற்கும் சுவர் கட்டுவதற்கும் தரப்பட்ட அந்த ஒப்பந்தங்கள் கும்பல் தலைவர்களின் கைக்குப் போயின. அவர்களை ‘சமூகத் தலைவர்கள்’ என்று அழைத்து அரசியல்வாதிகள் அமர்ந்து பேசினார்கள். யாருடைய பெயர் வருகைப்பதிவேட்டில் இருக்கும், யார் வேலைக்கு வராமல் சம்பளம் வாங்குவார் என்பதைத் தலைவர் முடிவு செய்ததால், ஒப்பந்தத்தைப் பிடிப்பது தெருவைப் பிடிப்பதாக ஆகிவிட்டது. வளர்ச்சிப் பணமே சண்டைக்கான பரிசாக மாறியது. காவல்துறை துப்புத் துலக்கிய கொலைகள் 20 சதவீதத்துக்குக் கீழே போயின. அதாவது கொன்றவரில் ஐந்தில் நான்கு பேரை யாரும் தேடி வரவில்லை. சாட்சி சொல்ல ஆள் இல்லாத ஊரில் தம்பியைக் கொன்றவனுக்குத் தண்டனை வாங்கித்தரும் வழி அண்ணனுக்கு ஒன்றே ஒன்றுதான், அது இன்னொரு கொலை. 2024-இல் 624 கொலைகளுக்குப் பிறகு, ஆண்டின் கடைசி நாட்களில் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மனித வளர்ச்சிக் குறியீட்டின் ‘மிக உயர்ந்த’ பிரிவில் அந்த நாடு அப்போதும் இருந்தது.

இந்தப் பின்னணியில், இந்தியாவின் 2022-ஆம் ஆண்டுக் கொலைக் கணக்கில் இருக்கும் நோக்கப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். 28,522 வழக்குகளில் ஆதாயத்துக்காகச் செய்யப்பட்டவை 1,884. தகராறு காரணமாக நடந்தவை 9,962. தனிப்பட்ட பகை, பழிவாங்கல் என்று எழுதப்பட்டவை 3,761. வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, தண்ணீர் திருப்பியதில் எழுந்த வாய்ச்சண்டை, முன்விரோதம் என்று நாளிதழின் மாவட்டச் செய்திகளில் நாம் அன்றாடம் பார்ப்பவையே இந்த எண்கள். சொத்து வழக்கு தாத்தா காலத்தில் தொடங்கிப் பேரன் காலத்தில் தீர்ப்பாகும் என்ற நிலையில், அரிவாளை எடுப்பவன் தன் கணக்கில் வழக்கை விரைவாக முடித்துக்கொள்கிறான். கட்டப்பஞ்சாயத்துக்கும் கூலிப்படைக்கும் தொழில் நடப்பதும் இதே இடைவெளியில்தான். கொலையில் பெரும்பங்கு, நீதிமன்றத்துக்குப் போகாத அல்லது போய்ப் பயன் கிடைக்காத தகராறுகளின் முடிவு என்று சொன்னால் அது மிகையாகாது.

ஐரோப்பாவின் நீண்ட வரலாறு இதற்கு ஒத்துப்போகிறது. இங்கிலாந்தின் பழைய மரண விசாரணைப் பதிவேடுகளைக் கொண்டு வரலாற்றாசிரியர்கள் கணித்த விகிதம் 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் 20-ஐத் தாண்டியது. மதுக்கடை வாசலில் மானப் பிரச்சினைக்காகக் கத்தியை உருவியவர்களே அவற்றில் நிறைந்திருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. கவனிக்க வேண்டியது, இறக்கத்தின் பெரும்பகுதி தொழிற்புரட்சிக்கு முன்பே, சராசரி ஆங்கிலேயன் இன்னும் ஏழையாக இருந்தபோதே நடந்துவிட்டது. அரசின் நீதிமன்றங்கள் பிரபுக்களின் பகையைத் தம் கைக்குள் எடுத்துக்கொண்டதும், கத்தி எடுப்பது வீரம் என்ற மதிப்பு மெல்லச் சரிந்ததும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. செல்வம் பின்னால்தான் வந்தது.

பொருளாதார ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவர்களை அமெரிக்காவின் எண்கள் நிச்சயம் ஏமாற்றும். பெருமந்தத்தின் அடியாழமான 1933-இல் 9.7 ஆக இருந்த விகிதம், வேலையின்மை அப்போதும் கடுமையாகவே இருந்த 1940-க்குள் 6.4 அளவுக்கு இறங்கிவிட்டது. மதுவிலக்கு 1933 இறுதியில் முடிவுக்கு வந்து, கள்ளச் சாராயக் கும்பல்களின் எல்லைச் சண்டைக்குக் காரணம் இல்லாமல் போனதும் அதில் ஒரு பங்கு. மாறாக, வருமானம் ஏறிக்கொண்டே இருந்த 1960-களில் கொலை ஏறத் தொடங்கி, 1960-இல் 5.1 ஆக இருந்தது 1980-இல் 10.2 ஆனது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை அப்போது பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் இருந்தது. கொலை செய்பவர்களில் சுமார் பத்தில் ஒன்பது பேர் ஆண்கள், அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பது எந்த நாட்டிலும் மாறாத உண்மை. 2008-இன் நிதி நெருக்கடியில் குற்றம் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். அது தொடர்ந்து இறங்கியது.

வளர்ச்சி குற்றத்தைக் குறைக்கும் சந்தடியில்லாத வழி ஒன்று இங்கே இருக்கிறது: பெண்கள் படிக்கிறார்கள், பிறப்பு விகிதம் குறைகிறது, முப்பது ஆண்டுகளில் நாட்டில் இளைஞர்களின் பங்கு சுருங்குகிறது. ஜப்பானில் பதிவான தண்டனைச் சட்டக் குற்றங்கள் 2002-இல் 28.5 லட்சமாக உச்சம் தொட்டு, 2021-இல் 5.7 லட்சத்துக்குக் கீழே வந்தன. அங்கே இன்று சிறைத்துறையின் தலைவலிகளில் ஒன்று, கடையில் உணவுப் பொருளைத் திருடிவிட்டு உள்ளே வரும் தனித்த முதியவர்கள். இந்தியாவின் கொலை விகிதம் 1992-இல் சுமார் 4.6 ஆக இருந்து 2022-இல் 2.1 ஆகியிருப்பதிலும் வயது அமைப்புக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும். தாராளமயம் வந்த ஆண்டுகளோடு அந்த இறக்கம் ஒத்துப்போவதால் அதையே காரணமாகக் காட்டுகிறவர்கள், அதே ஆண்டுகளில் சந்தைக்கு மாறிய ரஷ்யாவையும் பார்க்க வேண்டும். 1990-இல் 14 அளவில் இருந்த ரஷ்யாவின் விகிதம் 1994-இல் 32-ஐத் தாண்டியது. அரசு ஆலைகள் கைமாறின, காவலருக்குச் சம்பளம் ஒழுங்காக வரவில்லை, கடன் வசூலிக்க நீதிமன்றம் பயன்படாததால் வணிகர்கள் அடியாட்களிடம் போனார்கள், வோட்கா பெருக்கெடுத்தது. அரசு மீண்டும் நிலைபெற்ற பிறகு, சுமார் 2002-இலிருந்து அந்த எண் தொடர்ந்து இறங்கியது. அந்த அரசைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும், நிலையான அரசு என்ற காரணியை ஒதுக்கிவிட முடியாது.

இதிலிருந்து, கடுமையான அரசு இருந்தால் போதும், வளர்ச்சி தேவையில்லை என்ற முடிவுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் இப்போது காட்டுவது எல் சால்வடாரை. லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் உருவாகி, 1990-களில் நாடு கடத்தப்பட்டவர்களோடு வந்து வேரூன்றிய கும்பல்கள் அந்த நாட்டை ஆட்டிப்படைத்தன. 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்த அரசு, அதன்பின் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தது. 2023-இல் அதிகாரபூர்வ விகிதம் 2.4. இறக்கம் உண்மை, தெருவில் நடமாடும் மக்களின் நிம்மதியும் உண்மை. ஆனால் 2015-இல் நூற்றைத் தாண்டியிருந்த விகிதம் அவசரநிலைக்கு முன்பே, 2021-க்குள், இருபதுக்குக் கீழே வந்திருந்தது. பிடிபட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் பின்னர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். மீதிப் பேருக்கு முறையான விசாரணை எப்போது நடக்கும் என்பது தெளிவில்லை. தகராறைத் தீர்ப்பதற்கும் தகராறு செய்யக்கூடிய எல்லோரையும் பூட்டிவைப்பதற்கும் வேறுபாடு உண்டு, இரண்டாவதன் விலை பிறகுதான் தெரியவரும்.

கொலம்பியாவின் மெடலின் நகரத்தில் நடந்தது இதைவிடச் சிக்கலானது, எனவே கூடுதலாகக் கற்றுத்தருவது. போதைப்பொருள் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் காலத்தில், 1991-இல், அந்நகரின் விகிதம் சுமார் 380. கொலை நகரம் என்ற பெயரை உலகில் எந்த நகரமும் எடுக்க விரும்பாது. 2004-இல் ஆற்றோர மெட்ரோ நிலையத்திலிருந்து மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குக் கம்பிவடப் போக்குவரத்துப் பாதை திறக்கப்பட்டது. நகரத்துக்குள் வேலைக்குப் போக நெடுநேரம் படியும் பேருந்துமாக அலைந்தவர்கள் சில நிமிடங்களில் கீழே இறங்க முடிந்தது. அதோடு நூலகமும் பூங்காவும் தெருவிளக்கும் காவல் நிலையமும் அங்கே போயின. அந்தக் குடியிருப்புகளையும், அதே நிலையில் இருந்து வடப்பாதை கிடைக்காத குடியிருப்புகளையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு, முதல் வகையில் கொலைகளின் இறக்கம் 66 சதவீதம் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இதை வளர்ச்சியின் தூய வெற்றி என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அதே ஆண்டுகளில் டான் பெர்னா என்ற துணைப்படைத் தலைவன் போட்டிக் கும்பல்களையெல்லாம் தன்கீழ்க் கொண்டுவந்திருந்ததால் சண்டை ஓய்ந்திருந்தது. 2008-இல் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தியதும் வாரிசுப் போட்டியில் 2009-இல் கொலைகள் மீண்டும் கூடின. பிறகு மெல்ல இறங்கி, 2020-களில் விகிதம் இருபதுக்குக் கீழே வந்திருக்கிறது. அரசு அந்த மலைக்கு ஏறிப் போனது தேவையாக இருந்தது. அது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை.

வளர்ந்த நாடுகளில் கொலை குறைந்த பிறகு எஞ்சியிருப்பது எது என்பதையும் சொல்ல வேண்டும். தெருச் சண்டையும் கும்பல் மோதலும் ஒழிந்த இடங்களில் மிச்சம் இருப்பது வீட்டுக்குள் நடக்கும் கொலை. உலக அளவில் கொல்லப்படுவோரில் ஐந்தில் நான்கு பேர் ஆண்கள். ஜப்பானில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். வருமானமும் காவல்துறையும் வெளிக்கதவு வரை வந்து நின்றுவிட்டதற்கு இதைவிடத் தெளிவான எண் கிடையாது.

திருட்டின் கதை வேறு வழியில் போகிறது. வாகனங்களில் சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை இயங்கவிடாத கருவிகள் வந்தன, பணம் கைமாறுவது குறைந்தது, பணக்கார நாடுகளில் 1990-களின் நடுவிலிருந்து வீட்டுத் திருட்டும் வாகனத் திருட்டும் சரிந்தன. அந்த இடத்தை மோசடி நிரப்பியது. பதிவேட்டை நம்பாமல் மக்களிடமே நேரடியாகக் கேட்டு எடுக்கப்படும் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்று நடக்கும் குற்றங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் மோசடி. இந்தியாவில் 2022-இல் பதிவான இணையக் குற்ற வழக்குகள் 65,893. ஆனால் 1930 என்ற உதவி எண்ணும் இணையதளமும் வழியாக வந்த புகார்களின்படி 2024-இல் மக்கள் இழந்த தொகை 22 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. வங்கிக் கணக்கும் ஸ்மார்ட்போனும் எல்லோர் கைக்கும் போனது வளர்ச்சி. திருடன் வாசற்படி ஏறாமலே உள்ளே வர வழி கிடைத்ததும் அதனால்தான்.

நாடுவாரி ஒப்பீடு முற்றிலும் தடுமாறும் இடமும் இதுவே. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லையைத் தாண்டி மியான்மாரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, அடித்து மிரட்டி ஆன்லைன் மோசடி செய்ய வைக்கப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர். இப்படிப் பிடித்துவைக்கப்பட்டவர்கள் மியான்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஒரு லட்சம் பேரும் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் மதிப்பிட்டது. இந்த மோசடியில் பணம் இழப்பவர் ஒரு நாட்டில், திரையின் முன் உட்கார்ந்திருப்பவர் இன்னொரு நாட்டில் அடிமையாக, முதலாளி மூன்றாவது நாட்டின் குடிமகனாக, பணம் நான்காவது நாட்டின் கணக்கில் இருக்கிறது. இழந்தவர் புகார் கொடுத்தால் அது அவருடைய நாட்டின் குற்ற விகிதத்தில் ஏறும். அரசு என்று ஒன்று ஏறக்குறைய இல்லாத மியாவாடியின் கணக்கில் எதுவும் ஏறாது.